விளக்கை அணைப்பதா? கோளாறைக் கண்டுபிடிப்பதா?



மீட்டர் போர்டில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. இன்ஜின் படம் போட்டிருக்கும். அது எரிந்துவிட்டால் வண்டிக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பட்டறைக்கு ஓடுகிறார். அங்கே என்ன பதில் வருகிறது? "செக் இன்ஜின் லைட்டா? சென்சார் போயிருக்கும் சார், மாத்திடலாம்." எந்தச் சென்சார்? பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சார். ஏன் போனது? பதில் இல்லை. போனதுதானா? அதற்கும் பதில் இல்லை!

இன்னும் சில மாதங்களில் இதே பட்டறைகளில் ஸ்பேனர் பிடித்து நிற்கப் போகிறவர்கள் நாம். நாமும் இதே வசனத்தைத்தான் பேசப் போகிறோமா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. அளந்து பார்த்ததற்குக் கூலி கேட்கக் கூச்சப்படவும் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் நம் தொழிலுக்கு மரியாதை.

விளக்கு வந்த கதை

பெட்ரோல் இன்ஜினில் 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும் என்று முதல் இன்ஜின் பாடத்திலேயே படித்திருக்கிறோம். சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று விஷங்களையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமானால் கலவை இந்த அளவை ஒட்டியே நிற்க வேண்டும். கார்புரேட்டரால் இது முடியாத காரியம். புகையைப் பார்த்து "பத்தலை", "அதிகம்" என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் ஆக்சிஜன் சென்சார். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1976-ல் இதைத் தொழிற்சாலையில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அமெரிக்காவுக்குப் போன வோல்வோ கார்கள்தான் இதை முதலில் சுமந்தன.

கார் தன்னைத் தானே சோதித்து, கோளாறு வந்தால் விளக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 1988 மாடல் கார்களிலிருந்து விதி செய்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரியான 16 பின் சாக்கெட்டும், ஒரே மாதிரியான கோடு எண்களும் கட்டாயமாயின.

நம் நாட்டில்? 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை, டில்லி, மும்பை, கல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. கூடவே ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது. ஈயம் கன்வெர்ட்டரையும் கொல்லும், சென்சாரையும் கொல்லும். 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. 2013 ஏப்ரலில் நான்கு சக்கர வண்டிகளுக்கு ஓ.பி.டி. 2 வந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 வந்தபோது பைக், ஸ்கூட்டர் வரைக்கும் இன்ஜெக்ஷனும் சென்சாரும் மஞ்சள் விளக்கும் வந்துவிட்டன. ஆக, இது பணக்காரர் கார் சமாச்சாரம் இல்லை. பால்காரர் வண்டியிலும் இருக்கிறது, கொரியர் தம்பி வண்டியிலும் இருக்கிறது.

சென்சார் செய்யும் வேலை

சாதாரண சிர்கோனியா சென்சார் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. புகையில் ஆக்சிஜன் குறைந்தால் (பெட்ரோல் அதிகம்) 0.9 வோல்ட் பக்கம் ஏறும். ஆக்சிஜன் மிஞ்சினால் (பெட்ரோல் குறைவு) 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். நடுக்கோடு 0.45 வோல்ட். சுமார் 300 டிகிரி சூடேறிய பிறகுதான் அது வாயைத் திறக்கும். சீக்கிரம் சூடாவதற்காக உள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் இருப்பது ஏறத்தாழ அசையாமல் நிற்க வேண்டும். பின்னால் இருப்பதும் முன்னால் இருப்பதைப் போலவே ஆடினால், கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லையோ என்று கம்ப்யூட்டர் சந்தேகப்படும்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் ஆணி அடித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் ஆக்சிஜனைத்தான் எண்ணும், பெட்ரோலை எண்ணாது. ஒரு பிளக் தீப்பொறி போடவில்லை என்றால் அந்த சிலிண்டரின் பெட்ரோலும் எரியாது, காற்றும் எரியாது. அவ்வளவு ஆக்சிஜனும் அப்படியே வெளியே வரும். சென்சார் என்ன சொல்லும்? "பெட்ரோல் பத்தலை" என்று சொல்லும். உண்மையில் பச்சைப் பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போய்க்கொண்டிருக்கும்! சென்சார் பொய் சொல்லவில்லை. அது சொன்னதை நாம்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோம்.

கோடு தீர்ப்பு அல்ல, புகார்

ஸ்கேனரில் பி 0171 என்று வருகிறது. அதற்கு அர்த்தம் "கலவையில் பெட்ரோல் குறைவு". சென்சார் கெட்டது என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், மேனிஃபோல்டில் லீக் இருக்கலாம். பி 0135 என்றால் முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. சர்க்யூட் என்றால் ஃபியூஸும் அதில் சேர்த்தி, எலி கடித்த வயரும் சேர்த்தி. பி 0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போட்ட பாகம், விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் அதைக் கெடுத்தது ஆயில் எரிக்கும் இன்ஜினாகவோ மிஸ்ஃபயராகவோ இருந்தால், புதுசும் அதே வழியில்தான் போகும்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் புகார் கொடுத்தால், உடனே பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கில் போடுவார்களா? விசாரணை வேண்டாமா? கோடு என்பது புகார். விசாரிப்பது நம் வேலை.

நடைமுறையில் நான் பார்க்கும் தப்புகள் மூன்று. ஒன்று, விசாரிக்காமல் பாகம் மாற்றுவது. இரண்டு, கோடை அழித்துவிட்டு, அல்லது பேட்டரி வயரைக் கழற்றி மாட்டிவிட்டு, "சரியாயிடுச்சு" என்று அனுப்புவது. இதனால் கோளாறு போகாது. கோளாறு பதிவான நேரத்தில் இன்ஜின் சூடு, ஆர்.பி.எம்., வேகம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்த சாட்சிதான் அழிந்துபோகும். மூன்றாவது மகா பாவம். விளக்கையே கழற்றிவிடுவது, இல்லையென்றால் கறுப்பு டேப் ஒட்டுவது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும் ஏழைதான் இதில் மாட்டிக்கொள்கிறான்.

சித்தப்பாவின் பத்து நாள் வருமானம்

என் சித்தப்பா பழைய கார் ஒன்றை வட்டிக்கு வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். போன வருஷம் மஞ்சள் விளக்கு எரிந்தது, மைலேஜும் இறங்கியது. டவுனில் ஒரு பட்டறையில் கோடு பார்த்துவிட்டு ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். கூலியோடு ஆறாயிரத்துச் சொச்சம். நாலாம் நாள் மறுபடியும் விளக்கு. "நீங்க போட்டது டூப்ளிகேட்டா?" என்று கேட்டதற்கு, "இல்லண்ணே, இப்போ இன்ஜெக்டர் பார்க்கணும்" என்றார்களாம். சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு அது பத்து நாள் வருமானம். அந்த மாதம் தவணை கட்டச் சித்தியின் தோடு அடகுக்குப் போனது.

அப்புறம் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பெரியவரிடம் போனார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர். "வண்டியை ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போப்பா, காலையில் ஆறின இன்ஜினை நான்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்றார். காலையில் ஸ்டார்ட் பண்ணிக் காதை வைத்தார். "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம். சூடேறியதும் சத்தம் அடங்கிவிட்டது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், நாலும் கரி. அவரிடம் வேலை செய்யும் பையன் ஸ்கேனரை மாட்டி, "மாமா, கோடு பெட்ரோல் கம்மின்னு காட்டுது" என்றான். "கம்மின்னா பிளக் ஏண்டா கறுக்குது?" என்று கேட்டார் பெரியவர்.

அந்த ஒரு கேள்விதான் நண்பர்களே, முழுப் பாடமும்!

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் போயிருந்தது, சென்சாருக்கு முன்னால். புகை துடிப்புத் துடிப்பாகப் போகும்போது இரண்டு துடிப்புக்கு நடுவில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஆக்சிஜனைச் சென்சார் எண்ணுகிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் இறங்குகிறது, பிளக் கறுக்கிறது. மாற்ற வேண்டியது சில நூறு ரூபாய் கேஸ்கெட். கழற்றிப் போட்ட பழைய சென்சார் நல்ல சென்சார்!

பெரியவரின் காது மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பையன் ஸ்கேனரில் காட்டிய எண் இல்லாமல் கேஸ்கெட் மாற்றிய பிறகு கலவை சரியானதா என்று உறுதி செய்திருக்க முடியாது. காதும் மீட்டரும் சேர்ந்தன, கோளாறு பிடிபட்டது.

எந்த வரிசையில் பார்ப்பது?

என் ஆசிரியர்களிடமும் லீவு நாட்களில் பட்டறையிலும் கற்றதை வைத்து ஒரு வரிசை தருகிறேன். வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கண், காது, மூக்கு. குழாய் வெடிப்பு, கழன்ற கப்ளர், எலி கடித்த வயர், ஆறிய இன்ஜினில் எக்ஸாஸ்ட் சத்தம், பிளக் நிறம், பெட்ரோல் வாடை. இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

2. சாவி போட்டதும் விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கலாம். ஓடும்போது விட்டு விட்டுச் சிமிட்டினால் கடுமையான மிஸ்ஃபயர். அப்போது வேகம் எடுக்கக் கூடாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைப் பாழாக்கும்.

3. கோடையும் அதோடு பதிவான சாட்சி எண்களையும் நோட்டில் எழுதுங்கள். எழுதும் முன் அழிக்காதீர்கள்.

4. ஃபியூல் ட்ரிம் பாருங்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு சதவிகிதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. பொதுவாகப் பூஜ்யத்துக்கு இரு பக்கமும் 10-க்குள் இருந்தால் கவலை இல்லை. காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், ஐட்லிங்கில் கூடுதல் அதிகமாகவும் 2,500 ஆர்.பி.எம்.-ல் குறைவாகவும் இருந்தால், குழாயில் காற்று புகுவதாகச் சந்தேகிக்கலாம். மாறாக வேகமும் பாரமும் ஏற ஏறக் கூடுதலும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள்.

5. இப்போதுதான் சென்சார். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு டிஜிட்டல் மல்டிமீட்டரை சிக்னல் வயரில் வையுங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் 0.8 வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும். விட்டவுடன் பூஜ்யத்தின் பக்கம் இறங்க வேண்டும். இரண்டுக்கும் பதில் சொன்னால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. பதிலே வரவில்லையென்றால் வயர், எர்த்து, ஹீட்டர் ஃபியூஸ் பார்த்துவிட்டு, அப்புறம் சென்சார் மேல் குற்றம் சொல்லுங்கள். ஹீட்டருக்கு ஓம் அளக்கலாம்; சிக்னல் வயரில் ஓம் அளக்கக் கூடாது. புதிய வண்டிகள் பலவற்றில் முன்னால் இருப்பது வைடு பேண்ட் சென்சார். அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது, ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும்.

6. சென்சார் உண்மையிலேயே செத்திருந்தால், எதனால் செத்தது என்று கேளுங்கள். கண்ட சிலிக்கான் பசையைப் போட்டு கேஸ்கெட் ஒட்டினார்களா? கூலன்ட் உள்ளே கசிகிறதா? ஆயில் எரிகிறதா? காரணத்தை விட்டுவைத்தால் புதுசும் சாகும்.

இன்னொரு விஷயமும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் வேண்டும். கம்ப்யூட்டர் ட்ரிம்மைக் கூட்டித்தான் சமாளிக்கிறது. ஏற்கெனவே எல்லையோரம் நிற்கும் பழைய வண்டியில் இதனால் விளக்கு எரிய வாய்ப்பு உண்டு. எண்ணைப் பார்க்காத மெக்கானிக் இதை எப்படிக் கண்டுபிடிப்பான்? இவனும் சென்சாரைத்தான் மாற்றுவான்!

"கஸ்டமர் காசு தர மாட்டான்"

பட்டறைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. "தம்பி, ரெண்டு மணி நேரம் பார்த்துட்டு, ஒரு வயர்தான் கழன்டிருந்துச்சுன்னு சொன்னா, கஸ்டமர் ஐம்பது ரூபா தருவான். ஒரு சாமானை மாத்தினா கேட்டதைத் தருவான். நாங்க என்ன பண்றது?" என்று ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஜனங்கள் கையில் பிடிக்கிற சாமானுக்குத்தான் காசு தருகிறார்கள், மூளைக்குத் தருவதில்லை.

ஆனால் டாக்டரிடம் போகிறோம். அவர் நாடி பார்த்து, ரத்தம் சோதித்து, "ஒன்றும் இல்லை, ரெஸ்ட் எடுங்க" என்றாலும் ஃபீஸ் கொடுக்கிறோமா இல்லையா? நாமும் முதலிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "பார்க்கிற கூலி இவ்வளவு. கோளாறைக் காட்டுகிறேன். அப்புறம் மாற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்." முந்நூறோ நானூறோ பார்க்கிற கூலி கேட்டிருந்தால் என் சித்தப்பா சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். ஆறாயிரமும் மிஞ்சியிருக்கும், தோடும் மிஞ்சியிருக்கும். பட்டறைக்கும் ஆயுசுக்கும் ஒரு வாடிக்கைக்காரர் கிடைத்திருப்பார்.

"ஸ்கேனர் விலை அதிகமாச்சே?" என்பது அடுத்த கேள்வி. கம்பெனி ஸ்கேனர் விலை அதிகம்தான். ஆனால் கோடும் ட்ரிம்மும் பார்க்கும் அளவுக்குச் சின்ன ரீடர்கள் இன்று ஒரு சென்சார் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கின்றன. நான் மேலே சொன்ன வரிசையில் முதல் இரண்டு படிக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

நாம் கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் தூக்குக்குண்டு பிடிக்காமல் ஒரு வரிசை செங்கல் ஏற்ற மாட்டார். "கண்ணு ஏமாத்தும்டா, குண்டு ஏமாத்தாது" என்பார். படிக்காத கொத்தனார் அளக்காமல் சுவர் வைப்பதில்லை. டிப்ளமோ படித்த நாம் அளக்காமல் சென்சார் மாற்றலாமா? சொல்லுங்கள்!

அதனால் நம் மாணவர் சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, நம் லேபில் ஓடுகிற நிலையில் ஓர் இன்ஜெக்ஷன் இன்ஜின் வேண்டும். கார்புரேட்டரைப் பிரித்து மாட்டக் கற்றது வீண் என்று சொல்லவில்லை. கலவை என்றால் என்ன என்று அதுதான் நமக்குப் புரியவைத்தது. ஆனால் வெளியே நமக்காகக் காத்திருப்பது பி.எஸ். 6 வண்டி. வெட்டு மாடலைச் சுற்றி நின்று பார்த்தால் 0.45 வோல்ட் கைக்குப் பழகாது. நான்கு பேருக்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும், துறைக்கு ஒரு நல்ல ஸ்கேனரும் வாங்கித் தரும்படி துறைத் தலைவர் அவர்களிடமும் முதல்வர் அவர்களிடமும் சங்கம் பணிவோடு கேட்க வேண்டும்.

இரண்டாவது, ப்ராக்டிக்கல் மார்க் "என்ன பாகம் மாற்றினாய்" என்பதற்கு இல்லாமல் "எப்படிக் கண்டுபிடித்தாய்" என்பதற்குக் கிடைக்க வேண்டும். ஆசிரியர் ஒரு ஃபியூஸைப் பிடுங்கி ஒளித்துவைக்கட்டும். நாம் தேடிப் பிடிக்கிறோம். அந்த ஒரு மணி நேரம் பத்து நோட்ஸுக்குச் சமம்.

மூன்றாவது, தமிழில் ஒரு கையேடு. மேனுவல் எல்லாம் இங்கிலீஷில் இருப்பதால்தான் கைத்திறன் உள்ள எத்தனையோ அண்ணன்மார்கள் கோடைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அடிக்கடி வரும் ஐம்பது கோடுகள், ஒவ்வொன்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது என்ன என்று நாமே எழுதி, சுற்றியுள்ள பட்டறைகளில் சுவரில் ஒட்டலாம். அவர்கள் காதால் பிடிக்கும் வித்தையை நமக்குக் கற்றுக் கொடுக்கட்டும். நாம் எண் படிக்கும் வித்தையை அவர்களுக்குக் கொடுப்போம். கொடுத்து வாங்கினால் இரண்டு பேருக்கும் லாபம். வண்டிக்காரருக்கோ பெரிய லாபம்.

நண்பர்களே! வண்டியைக் கொண்டு வந்து நம்மிடம் விடுகிறவர் சாவியோடு நம்பிக்கையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அவருக்கு இன்ஜின் தெரியாது. நமக்குத் தெரியும் என்பதால்தான் கொடுக்கிறார். தெரிந்தவன் தெரியாதவனை ஏமாற்றுவதற்குப் படிப்பு எதற்கு? விளக்கை அணைக்க ஒரு டேப் போதும். கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று வருடப் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பைத்தான் நாம் படித்தோம் என்று, வருகிற ஒவ்வொரு வண்டியிலும் காட்டுவோம்!

- மூன்றாம் ஆண்டு மாணவர், ஆட்டோமொபைல் துறை